முதல் வருஷத்து ஆள்

எந்த ஊரிலும், எந்தச் சங்கத்திலும், எது வருடா வருடம் நடந்தாலும் அங்கே ஒரு முதல் வருஷத்து ஆள் இருப்பார். கோயில் அன்னதானமோ, அடுக்குமாடிப் பொங்கல் விழாவோ, பழைய மாணவர் சந்திப்போ, எதுவாகவும் இருக்கட்டும், நாற்காலி வந்து இறங்குவதற்கு முன்பே அவர் வந்துவிடுவார். தலைவர் மாறுவார், செயலாளர் மாறுவார், பொருளாளர் மாற்றப்படுவார். இவருக்கு மட்டும் பதவியே கிடையாது என்பதால் இவரை யாராலும் இறக்க முடியாது. வேலை ஏதாவது செய்வாரா என்று கேட்கிறீர்களா? சரித்திரத்தைச் சுமப்பவர் பந்தல் கம்பையும் சுமக்க வேண்டும் என்றால் எப்படி?

நெய்வேலியில் இந்த இனத்தைப் பார்க்க ஆசையிருந்தால் ஜனவரி கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு டவுன்ஷிப் நீச்சல் குளத்துக்கு வாருங்கள். காலையில் நடக்கப் போய், நடந்ததைவிட அதிக நேரம் டீக்கடையில் நின்றவர்கள் சேர்ந்து காலைக் காற்று மன்றம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அந்த மன்றம் ஆண்டுதோறும் டிரையத்லான் நடத்துகிறது. குளத்தில் நீந்தி, ஈரத்தோடு சைக்கிள் ஏறி, பிளாக் பிளாக்காகச் சுற்றி, சைக்கிளைக் கிடத்திவிட்டு மைதானம்வரை ஓட வேண்டும். இத்தனையும் மற்றவர்கள் செய்யும்போது வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் விசிலும் கையில் பச்சைக் கொடியுமாகக் குளக்கரையில் ஒருவர் நிற்பார். அவர்தான் அமிர்தநாதன். கொடி மன்றத்தினுடையது. விசில் அவரே வாங்கியது.

அவரிடம் ஒரே ஒரு வாக்கியம் உண்டு. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் காலம் தள்ளினார். சைக்கிள் போகும் பாதையில் சுரங்கக் கம்பெனி பஸ் வருகிறது, பாதையை மாற்றலாமா என்று யாராவது கேட்டால், "மொதோ வருஷம் நீங்க இருந்தீங்களா?" என்பார். இல்லை சார். "இருந்திருந்தா கேக்க மாட்டீங்க." அவ்வளவுதான், பஸ்ஸும் சைக்கிளும் பழையபடியே முட்டிக்கொள்ளாமல் தப்பித்துக்கொள்ள வேண்டியதுதான். கொரோனாவில் இரண்டு வருடம் நடக்கவில்லையே, இந்த வருடத்தைப் பதினைந்தாவது என்பதா பதிமூன்றாவது என்பதா என்று பெரிய சண்டை வந்தது. அதற்கும் அதே கேள்விதான். முதல் வருடத்துக்கும் கொரோனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பதினைந்தாவது என்று முடிவாயிற்று.

சரி, முதல் வருடம் அவர் இருந்தாரா? இருந்தார். அதில் பொய் இல்லை. எப்படி இருந்தார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அந்த வருடத்து நோட்டீசை எழுதியவர் தமிழ்ப் பற்றுள்ளவர். டிரையத்லான் என்று எழுதக் கை வராமல், 'மாபெரும் மும்முனைப் போட்டி, அனைவரும் வருக' என்று கொட்டை எழுத்தில் எழுதி கேன்டீன் வாசலில் ஒட்டிவிட்டார். அதுவோ தொழிற்சங்கத் தேர்தல் நேரம். இரண்டு சங்கங்கள் மோதிக்கொண்டிருக்கையில் மூன்றாவதாக எவன் நிற்கிறான் என்று பார்க்க, நைட் ஷிப்ட் முடித்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போகாமல் குளத்துக்குத் திரண்டார்கள். அமிர்தநாதனும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் தன் சங்கத்து நோட்டீஸ் கட்டோடு வந்து, வாசலில் நின்று கும்பிடு போட ஆரம்பித்துவிட்டார். கும்பிட்டுக்கொண்டே குளக்கரைவரை போய், யாரோ தண்ணீரில் குதித்ததில் வேட்டி நனைந்த பிறகுதான் இது வேறு தேர்தல் என்று அவருக்குப் புரிந்தது.

இரண்டாம் மூன்றாம் வருடங்களில், "மொதோ வருஷம் நான் இருந்தேன்" என்றார். ஐந்தாம் வருடம் அது, "மொதோ வருஷம் நாங்க ஓடினப்ப" என்று ஆனது. அந்த 'நாங்க'வில் யார் யார் அடக்கம் என்று யாரும் நோண்டவில்லை. எட்டாம் வருடம் நீந்தினார். பத்தாம் வருடம், சிறப்பு விருந்தினர் வர நேரமாகி மைக் சும்மா கிடந்தபோது, மூன்றாவதாக வந்தார். முதல் இரண்டு இடங்களில் கை வைக்கவில்லை. அவற்றை ஜெயகணேஷ், பிரவின்குமார் என்ற இருவர் பிடித்தது ஊருக்கே தெரியும். மூன்றாவதாக வந்தவர் யாரென்றுதான் எவருக்கும் ஞாபகமில்லை. காலியாகக் கிடந்த இடம், இவர் குடியேறினார்.

"வேளாங்கண்ணி கடல்ல முழங்கால் தண்ணிக்கு மேல எறங்காத மனுசன்" என்றார் அவர் மனைவி மரியசெல்வி, அன்று வீட்டில். "யாரையாவது காப்பாத்த எறங்கச் சொல்லிடப் போறாங்க, பாத்து இருங்க."

சிரிக்கலாம். ஆனால் அவர் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அமிர்தநாதன் ரிட்டயர் ஆனார். முப்பத்துச் சொச்சம் வருடம் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சாவியைக் கொடுத்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போனார். சொந்த வீடுதான், மார்பிள் தரைதான். ஆனால் டவுன்ஷிப்புக்குள் வந்தால் இப்போது அவரை நின்று விசாரிக்க ஆளில்லை. அவருடைய குவார்ட்டர்ஸில் வேறு யாரோ துணி காயப்போடுகிறார்கள். வருடத்தில் ஒரு காலை, அந்தக் கொடியைத் தூக்கும்போது மட்டும் இருநூறு பேர் அவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 'முதலாம் ஆண்டு வீரர் கொடியசைப்பார்' என்று அழைப்பிதழில் அச்சாகும். அந்த ஒரு வரி போய்விட்டால் அவருக்கு டவுன்ஷிப்பில் வேறொன்றும் இல்லை.

இந்த வருடம் மன்றத்துக்குச் செயலாளராக வந்தவர் சபீஹா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பெண்கள் பிரிவில் இரண்டு முறை வென்றவர். பதினைந்தாம் ஆண்டு மலர் போடுவோம், அதில் போட்டியின் வரலாறு இருக்க வேண்டும் என்றார். அமிர்தநாதன் மலர்ந்துபோனார். வரலாற்றை எழுத அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள்? சபீஹா மன்றத்துப் பீரோவிடம் கேட்டார். கணக்கு டீச்சர் அல்லவா, விடையை மட்டும் சொன்னால் போதாது, வழிமுறையும் வேண்டும். பீரோவின் அடித்தட்டில், பழைய நோட்டீஸ்களுக்கு நடுவில் முதல் வருடத்து முடிவுத்தாள் இருந்தது.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு, சாயங்காலம், மன்ற அறையில் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர். வாசலோரமாகத் தரையில் உட்கார்ந்து, குளத்தில் கட்டும் கயிற்றின் மிதவைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார் அப்துல் வஹீத், குளத்தைப் பராமரிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. வருடா வருடம் கயிறு கட்டுவது அவர்தான். சபீஹா தாளை விரித்துப் படித்தார்.

"ஒண்ணு, ஜெயகணேஷ், கம்பெனி டோக்கன் நம்பர் போட்டிருக்கு. ரெண்டு, பிரவின்குமார், அவருக்கும் டோக்கன் நம்பர். மூணு..." சபீஹா தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "மூணு, கான்ட்ராக்ட்னு மட்டும் இருக்கு. பேரு இல்ல. அமிர்தநாதன் சார், மூணாவது நீங்கதானே? அப்ப நீங்க கான்ட்ராக்டாவா இருந்தீங்க?"

 வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியாது. நெய்வேலியில் ஒருவரைப் பற்றி முதலில் கேட்பது ஊரையும் அல்ல, பெயரையும் அல்ல. பர்மனென்டா, கான்ட்ராக்டா என்றுதான். பெண் கொடுப்பதும், பால் கடன் கொடுப்பதும், நாற்காலி இழுத்துப் போடுவதும் அந்தப் பதிலைப் பொறுத்தது. மரியசெல்வியின் அப்பா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பர்மனென்ட் ஆர்டரைப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். ஆக, அமிர்தநாதன் மூன்றாம் இடத்தை வைத்துக்கொள்ள வேண்டுமானால் வாழ்நாள் கௌரவத்தை விட வேண்டும். கௌரவத்தை வைத்துக்கொண்டால் கொடி போய்விடும்.

அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு வகைல பாத்தா..." என்று ஆரம்பித்தார். எந்த வகையில் என்று அவருக்கே தெரியவில்லை. "அன்னிக்கு நான் லீவுல இருந்தேன்" என்றார். லீவில் இருந்தால் பர்மனென்ட் கான்ட்ராக்ட் ஆகிவிடுவாரா என்று ஒருவர் யோசிக்க ஆரம்பிப்பது முகத்திலேயே தெரிந்தது. "எழுதுனவன் தப்பா எழுதியிருப்பான்" என்றார் கடைசியாக.

சபீஹா வாசல் பக்கம் திரும்பினார். "வஹீத் அண்ணே, நீங்க ஆரம்பத்துலேர்ந்து குளத்துலதானே வேல பாக்கறீங்க. மூணாவது வந்தவர் யாருன்னு ஞாபகம் இருக்கா?"

வஹீத் சபீஹாவைப் பார்க்கவில்லை. அமிர்தநாதனைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றார். "கயிறு கட்டிகினு இருந்தேன். ஆளு கம்மியா இருக்குது, நீயும் எறங்குன்னாங்க. எறங்கிட்டேன். சைக்கிளு என்னுதுதான். ஓடி வந்து நின்னப்ப பேரு கேக்கலீங்க. எந்தக் கான்ட்ராக்டருகிட்ட வேலன்னு கேட்டாங்க. சொன்னேன். அதையுங்கூட எழுதலீங்களா?"

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"சாரு கொடிய வச்சிகினு பேசிகினு இருக்கறப்ப நடுவுல பூந்து என்னாத்த சொல்றதுங்க?" வஹீத் கையிலிருந்த மிதவையைத் துடைத்துக் கீழே வைத்தார். "அதுவுமில்லாம, வருசத்துக்கு வருசம் சாரு நல்லா ஓடினாரு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துது."

அமிர்தநாதனுக்கு வெட்கமாக இருந்தது. நடிப்பு இல்லை; காதுவரை சுட்டது. ஏனென்றால் அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. காக்கி அரைக்கால் சட்டையோடு, காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து, கோட்டைத் தாண்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற அந்த ஆளுக்குத் தன் கையிலிருந்த சோடாவைக் கொடுத்தது அவர்தான். முகம் மறந்துபோகவில்லை. மறந்த மாதிரி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பத்து வருடமாக வஹீத் கட்டிய கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்று, வஹீதுடைய ஓட்டத்தை வஹீதுக்கே சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் கேட்டுக்கொண்டு முடிச்சுப் போட்டிருக்கிறார்.

இதோடு அமிர்தநாதன் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார், தொப்பியையும் விசிலையும் ஆணியில் மாட்டிவிட்டு ஓய்ந்திருப்பார் என்று நினைக்கிறீர்கள். இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அந்த வெட்கம் ஒரு நிமிஷம் இருந்தது. முழுதாக ஒரு நிமிஷம். பிறகு அவர் எழுந்து நின்றார்.

"பாய் சொல்றது நூத்துக்கு நூறு உண்ம" என்றார். "ஓடி வந்தப்ப சோடா குடுத்ததே நான்தான். இந்த ஊர்ல அதுக்குச் சாட்சி நான் ஒருத்தன்தான் இருக்கேன். எழுதிக்குங்க டீச்சர்."

சபீஹா எழுதிக்கொண்டார். மூன்றாம் இடம், அப்துல் வஹீத், வடக்குத்து. கொடியை இந்த வருடம் வஹீதே அசைக்கட்டும் என்று தீர்மானம் போட்டார்கள், அமிர்தநாதன்தான் முன்மொழிந்தார்.

ஞாயிறு காலை வஹீத் கயிறு கட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கொடியை வாங்கினார். இருநூறு பேரும் அவர் கையைப் பார்த்தார்கள். எப்போது அசைப்பது என்று தெரியாமல் அவர் கொஞ்சம் தடுமாறியபோது, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்ற அமிர்தநாதன் விசிலை ஊதினார். எட்டு மணிக்குள், வஹீதைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று டீ கொடுத்தவரிடம் சொல்லியாகிவிட்டது. பத்து மணிக்குப் பரிசளிப்பு விழாவில், ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் சரித்திரத்தில் ஏற வேண்டும் என்பதற்காகப் பதினைந்து வருடம் தனியாகப் போராடியதாக மைக்கில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. பலர் கை தட்டினார்கள். வஹீதும் தட்டினார்.

வஹீத் மலரின் ஒரு பிரதியை மடிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போனார். அவர் மனைவி ஜுலைகா அந்த வரியை விரல் வைத்துப் படித்துவிட்டு, "இத காட்டினா பர்மனென்ட் பண்ணுவாங்களா?" என்று கேட்டார்.

"பண்ண மாட்டாங்க" என்றார் வஹீத். "பேரு போட்டுக்கிறாங்க இல்ல, பாரு."

அமிர்தநாதனை நினைத்து நன்றாகச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். நல்ல கதை, நாளைக்கே யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். படித்தேன் என்று ஒரு முறை சொல்வீர்கள், கேள்விப்பட்டேன் என்று அடுத்த முறை. அதற்கடுத்த முறை சொல்லும்போது, சபீஹா டீச்சர் அந்தத் தாளைப் பிரித்தாரே, அப்போது அந்த அறையில் நீங்கள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்பார்கள்.