நமுக்காத அப்பளம்

கோழியே இல்லாமல் குஞ்சு பொரித்துக் காட்டுவது என்று பொன்னுரங்கம் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது. அரசாங்கம் அரிசி ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்த வருஷம் அது. ராயபுரத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் தைரியம் கூடியிருந்தது. பொன்னுரங்கத்துக்கு வழக்கம்போல அதிகமாகவே கூடியிருந்தது.

காரணம் கோழிதான். பின்கட்டுக் கூடையில் பத்து நாள் ஒழுங்காக அடைகாத்த அந்தப் பெட்டை, அன்று விடிந்ததும் எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறி, பக்கத்துத் தெருச் சேவலோடு கிளம்பிவிட்டது. பிடித்து வந்து உட்கார வைத்தார்கள். எழுந்தது. மறுபடி உட்கார வைத்தார்கள். பொன்னுரங்கத்தின் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிட்டு மறுபடி எழுந்தது.

"அதுக்கு வேலை செய்ய இஷ்டமில்லய்யா," என்றாள் அவன் மனைவி குணசுந்தரி. "இந்த வூட்டுக் காத்து அதுக்கும் பட்டுட்டுது போல கீது."

அவள் யாரைச் சொல்கிறாள் என்று பொன்னுரங்கத்துக்கும் புரிந்தது. துறைமுகத்தில் அவன் பாய்லருக்கு நெருப்புப் போடும் ஃபயர்மேன். அவன் முறைத்தால் கரி தானாகப் பற்றிக்கொள்ளும் என்று பேச்சு உண்டு, பேசியது அவன்தான். வீட்டுக்கு வந்துவிட்டாலோ ஒரு தம்ளரைக்கூட நகர்த்த மாட்டான். 'நான் குந்திகினு கீறதே இந்த வூட்டுக்கு ஒரு அழகு' என்பான்.

குணசுந்தரி கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த முட்டைகள். "சூடு எறங்கினா அத்தினியும் கூமுட்டைதான்," என்றாள்.

"கோழி இன்னாமே பெருசா பண்ணுது? குந்திகினு சூடு குடுக்குது. நான் கிரேனுக்கே ஆவி குடுக்கறவன். இந்த முட்டைங்களுக்குக் குடுக்க மாட்டனா?"

மத்தியானத்துக்குள் பெட்டி தயாராகிவிட்டது. துறைமுகத்துப் பலகைப் பெட்டி ஒன்று. உள்ளே வைக்கோல். நடுவில் தகரத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் அரிக்கேன் விளக்கு. அதுவரை முட்டைகளைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்த குணசுந்தரி, அவற்றை உள்ளே அடுக்கினாள்.

பாய்லரில் அவனோடு வேலை பார்க்கும் பக்ருதீன் சாயங்காலம் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"கோழி இல்லாம குஞ்சா? ஆம்லெட்டு வேணா வரும் மாமு."

"குஞ்சு வரலேன்னா இந்த மீசைய எடுத்துர்றேன் பாய்."

மீசை சாதாரண மீசை அல்ல. அவன் தெருமுனை திரும்புவதற்கு முன்பே அது திரும்பிவிடும். மறுநாள் துறைமுகமே அதைப் பார்த்து, எப்போது போகும் என்று விசாரித்தது.

இரண்டொரு நாள் கழித்து ஒரு முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அகன்ற முனையில் இருந்த காற்று இடம் மளமளவென்று பெரிதாகியிருந்தது. பாய்லர்காரனுக்கு விஷயம் பிடிபட்டது.

"வெறும் சூடு குடுத்துகினு கீறோம். உள்ளாற தண்ணி வத்துது. தோலு காஞ்சி குஞ்சுமேல ஒட்டிகினா அது வெளிய வர முடியாது. பொட்டில ஈரம் வேணும்."

"உன் நெஞ்சுல இல்லாதது பொட்டில எங்கேர்ந்து வரும்?" என்றபடி குணசுந்தரி ஒரு சாசரில் தண்ணீர் கொண்டுவந்து உள்ளே வைத்தாள்.

"எத்தினி ஈரம் கீதுன்னு எப்படித் தெரியும்? பாய்லருக்கு மீட்டர் கீது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அடுப்படிக்குப் போய் ஒரு அப்பளம் பொரித்து எடுத்துவந்து முட்டைகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். "இதான் மீட்டரு. நமுத்துப் போச்சின்னா ஈரம் போதும். மொறுமொறுன்னு இருந்தா பத்தல. உடைச்சிராத. நகத்தால சுண்டிப் பாரு, போதும்."

பொன்னுரங்கத்துக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்தது. எவ்வளவு பிடித்தது என்றால், மறுநாள் துறைமுகத்தில் சொல்லும்போது அது அவன் யோசனையாகவே ஆகியிருந்தது.

வீடு திரும்பியதும் சுண்டினான். அப்பளம் டங்கென்றது.

"இன்னாமே இது, இவ்ளோ காய்ஞ்சி கீது?"

"சாசர்ல தண்ணி வத்திடுச்சி. வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல. எனுக்கு வேற இடுப்பு புடிச்சிகினு கீது."

பொன்னுரங்கம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனான். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எதிர்வீட்டு ராஜாத்தி வழிவிட்டு நின்றாள். "இன்னா நைனா, குணா இல்லியா?"

"இது குடிக்கிற தண்ணி இல்லம்மா. விஞ்ஞானத் தண்ணி."

விஞ்ஞானம் ஒரு சாசர் குடித்தது. மிச்சக் குடத்தை அடுப்படி குடித்தது. அதற்கப்புறம் தினமும் குடம் அவன் இடுப்பில் ஏறியது.

ஆனாலும் அப்பளம் டங்கென்றது.

"ரூம்பே காய்ஞ்சி கீதுய்யா. தரைய ஈரத்துணியால தொடைச்சா நல்லாருக்கும்."

துடைத்தான். மூலை முடுக்கு விடாமல், பாய்லர்த் தகடு துடைக்கிற பக்குவத்தோடு துடைத்தான். அடுத்த நாளும் டங்.

"பொட்டிய சுத்தி ஈரத்துணி தொங்கவுடணும்."

"துணிய ஈரம் பண்றது எப்படி?"

"தொவைச்சாத் தன்னால ஈரமாவும்."

துவைத்தான். அவளுடைய புடவைகள், அவனுடைய காக்கி, பண்டிகைக்கு மட்டும் எடுக்கிற ஜமக்காளம் உட்பட எல்லாம் பெட்டியைச் சுற்றித் தொங்கின. அதற்கும் அப்பளம் அசையவில்லை.

கடல் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. ஜாடியில் உப்பு தண்ணீராய் நிற்கிற ஊர். தீப்பெட்டி கிழித்தால் பாதி குச்சி வழுக்கிவிடும். அந்த ஊரில் இந்த ஓர் அப்பளம் மட்டும் நமுக்க மாட்டேன் என்று நின்றது. பொன்னுரங்கத்துக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

கடைசியாக அடுப்பையே பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். சோறு கொதிக்கிற ஆவி போகட்டும் என்று. குணசுந்தரி உலைமூடியில் கை வைத்தாள்.

"நீ நவுரு. ஆவின்னா அது என் டிபார்ட்மெண்டு," என்றான் பொன்னுரங்கம்.

அவள் நகர்ந்தாள். வாசல்வரைக்கும் நகர்ந்தாள். ராஜாத்தியோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, உள்ளே தன் புருஷன் சோறு வடிக்கிற சத்தத்தைக் கேட்டாள். "எங்க வூட்டுக்காரரு மாதிரி ராயபுரத்துல ஒருத்தன் பொறக்கணும்," என்றாள். நிஜமாகவே பெருமையாகத்தான் சொன்னாள்.

ஒரு காலையில் பெட்டிக்குள் டொக் டொக் என்று சத்தம். ஒரு முட்டையில் சின்ன விரிசல். விரிசலில் ஒரு மூக்கு. பொன்னுரங்கம் ஓட்டைப் பிய்த்துவிடக் கையை நீட்டினான்.

"எடு கைய," என்றாள் குணசுந்தரி. "நீ தொறந்து தொறந்து பார்த்தா ஈரம் பூடும். அது வர்ற நேரத்துக்கு வரும்."

அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பாய்லர் வெடிக்கும் என்றாலும் அசையாதவன், அன்று ஒரு ஓடு வெடிக்கக் காத்திருந்து வியர்த்துக் கொட்டினான். வந்தது. ஈரத்தில் முக்கி எடுத்த பஞ்சு மாதிரி ஒன்று வந்து விழுந்தது, தலையைத் தூக்கியது, அவனைப் பார்த்தது. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மற்றவையெல்லாம் பின்னாலேயே வந்தன. ஒன்றுதான் கூமுட்டை.

சேதி போயிற்று. பக்ருதீன், பாய்லர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பொன்னுரங்கம் மீசையை முறுக்கிக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு குஞ்சை ஏந்தி, சூடென்றால் என்ன, ஈரமென்றால் என்ன என்று விளக்கினான். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"இதான் மீட்டரு. என் சொந்த ஏற்பாடு. மொத நாள் வெச்ச அப்பளம், இன்னும் அப்பிடியே கீது பாரு. அவ்ளோ வறட்சி. அத்தோட மல்லாடித்தான் ஜெயிச்சேன்."

பக்ருதீன் அப்பளத்தை எடுத்தான். பெட்டிக்குள்ளிருந்து வந்த ஈரக் காற்றே அவன் மூக்குக்கண்ணாடியில் ஆவியாய்ப் படிந்து அதை மூடிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு விள்ளல் கடித்தான். நொறுக்கென்றது. இன்னொரு விள்ளல் கடித்தான்.

"மாமு, இது காத்தால பொரிச்சது. எண்ணெ வாசனை கூட இன்னும் போவல."

பொன்னுரங்கம் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான். அவள் குஞ்சுகளுக்கு நொய் தூவிக்கொண்டிருந்தாள். குடம், தரை துடைத்த துணி, ஜமக்காளம், சோற்றுப்பானை எல்லாம் வரிசையாக அவன் கண்முன் வந்து நின்றன. ஆட்கள் அவன் வாயைப் பார்த்தார்கள். கத்தலாம். கத்தினால் மீட்டர் யாருடையது என்பதும் சேர்ந்து வெளியே வரும்.

"ஆமா பாய்," என்றான். "தெனம் புதுசா மாத்தச் சொன்னதே நான்தான்."

"எல்லாம் அவரு யோசனைதாண்ணே. நான் சொன்னதச் செஞ்சதோட சரி," என்றாள் குணசுந்தரி. பிறகு மூலையிலிருந்து ஒரு கூடையைப் பெட்டிப் பக்கம் நகர்த்தினாள். "இந்தாய்யா, மணலி ஊர்லேர்ந்து எங்கக்கா வாத்து முட்டை குடுத்தனுப்பிக்கிறா. இதுக்கு ஈரமும் ஜாஸ்தி வேணுமாம், நாளும் ஜாஸ்தி ஆவுமாம்."