துவாய் அலுமாரியில் காய்ந்தது

சுடுதண்ணீர் சிலிண்டர் இருக்கும் அலுமாரியைத் திறந்த வசந்தமலர், துவாயை எடுக்கப் போன கையை அப்படியே நிறுத்தினாள். துவாய்களுக்கு மேலே, நூலில் தலைகீழாகக் கட்டப்பட்டு, பதினொரு கஞ்சாக் கொப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"இஞ்சருங்கோ!"

மகேசன் வாயில் பற்பசை நுரையோடு வந்தான்.

"கராஜிலை காயுது எண்டுதானே சொன்னீங்கள்? இப்ப ஏன் என்ரை துவாயோடை தொங்குது?"

"கராஜ் ஒரே ஈரமப்பா. ஒரு கிழமையா மழை. அங்கை விட்டால் பூஞ்சணம் பிடிச்சிடும்."

"பிடிக்கட்டும். பொலிஸ் பிடிக்கிறதைவிட அது பரவாயில்லை. சிற்றிசன்ஷிப்புக்குப் போட்டு நாலு மாசம். ஞாபகம் இருக்கோ?"

ஞாபகம் இருந்தது. ஆனாலும் மகேசன் ஒரு கொப்பைத் தொட்டு, காம்பை மெல்ல வளைத்துப் பார்த்தான். அது முறியவில்லை, வளைந்தது. இன்னும் மூன்று நாள் வேண்டும் என்று கணக்குப் போட்டான். அந்தக் கணக்கில் ஒரு சந்தோசம் இருந்ததை அவனால் மறைக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவன் பதினான்கு வருடம், தோட்டக்காரருக்குப் புகையிலை காயவைக்கச் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகத்தன். ஓக்லாந்துக்கு வந்து நான்கு வருடத்தில் அறுபத்திரண்டு வேலைகளுக்கு விண்ணப்பித்தான். 'நியூசிலாந்து அனுபவம் இல்லை' என்று அறுபத்திரண்டு பேரும் மரியாதையாக எழுதினார்கள். கடைசியில் கரட் கழுவிப் பொதி செய்யும் ஒரு ஷெட்டில் சேர்ந்தான். அங்கே சாப்பாட்டு நேரத்தில், இலையில் எவ்வளவு ஈரம் நிற்கவேண்டும், எப்போது காற்றுப் பட விடவேண்டும் என்று எல்லாருக்கும் விளக்குவான். எல்லாரும் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஃபோர்மன் கெவின் மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். மார்ச் கடைசியில் ஒருநாள், மகேசனின் கார் டிக்கியில் ஒரு கறுப்புப் பையைத் திணித்தான்.

"என் வீட்டுப் பின்பக்கத்தில் வளர்த்தது. வருசா வருசம் காயவைக்கத் தெரியாமல் அழுகிப்போகிறது. நீதானே இதில் எக்ஸ்பேர்ட்? மே மாதம் சூப்பர்வைசர் வேலை காலியாகிறது. நல்லபடியாகக் காயவைத்துத் தா, உன் பெயரைத்தான் சொல்வேன். ஒருத்தரிடமும் மூச்சுவிடாதே."

அந்த நாட்டில் ஒருவன் அவனை எக்ஸ்பேர்ட் என்றது அதுதான் முதல் தடவை. பைக்குள் இருப்பது கஞ்சா என்ற விசயமே வீட்டுக்குப் போகும் வழியில், பக்குரங்கா பிளாசாவைத் தாண்டும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அலுமாரியின் சூட்டில் கொப்புகள் அழகாகக் காய்ந்தன. ஆனால் மணம் துவாய்க்கு ஏறி, துவாயிலிருந்து சட்டைகளுக்கு ஏறியது.

"டாட், மை ஜேர்சி ஸ்டிங்க்ஸ்," என்றாள் மகள் கிருசாந்தி. "மிஸ் ஆஸ்க்ட் இஃப் வீ ஹாவ் எ ஸ்கங்க்." வீட்டில் நாற்றம் பீய்ச்சும் பிராணி ஏதும் வளர்க்கிறீர்களா என்று ரீச்சர் கேட்டாராம்.

மணத்தை அடக்க மகேசன் சாம்பிராணி போட்டான். புகை அலாரம் அலறியது. பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயோடு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"சாமி கும்பிடுறம்," என்று மகேசன் ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினான்.

அடுத்ததாக வசந்தமலரின் ஊறுகாய்ப் போத்தல்களைக் கழுவி, காய்ந்த மொட்டுகளை அடைத்தான். பதப்பட வேண்டுமானால் மூடியைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்துவைக்க வேண்டும். திறந்த நேரமாகப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசல் மணி அடித்தது.

சுப்பிரமணியன். அதே ஷெட்டில் கரட் தரம் பிரிப்பவன். மதுரையில் கெமிஸ்ட்ரி எம்.எஸ்சி. படித்துவிட்டு, வேர்க் பெர்மிட்டில் தனியாக வந்திருந்தான். சூப்பர்வைசர் வேலைக்கு மகேசனை விட்டால் அவன்தான்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன் சார்."

அவன் இருப்பது கிளென்ஃபீல்டில். பாலம் தாண்டி, மூன்று பஸ் மாறி, மழையில் நனைந்து, எவனும் சும்மா பக்குரங்காவுக்கு வருவதில்லை. உள்ளே வந்ததும் மூக்கை இழுத்தான். ஒருகணம் அவன் முகம் மாறியதை மகேசன் கண்டான்.

"சார், உங்ககிட்ட ஒரு விஷயம்..."

அந்நேரம் வசந்தமலர் தேத்தண்ணியோடு வந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் போன பிறகு மறுபடியும் ஆரம்பித்தான்.

"இல்ல சார், வந்து..."

"எனக்குக் கொஞ்சம் வேலை கிடக்குத் தம்பி. நாளைக்கு ஷெட்டிலை கதைப்பம்."

கதவைச் சாத்திவிட்டு மகேசன் சொன்னான்: "உளவு பாக்க வந்திருக்கிறான். நாளைக்கு மனேச்சரிட்டைப் போட்டுக்குடுக்கப்போறான்."

"அந்தப் பெடியனைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லை," என்றாள் வசந்தமலர்.

"உனக்கு ஆக்களைத் தெரியாது."

மறுநாள் விடியவே போத்தல்களைக் கெவினின் வானில் ஏற்றினான். கெவின் ஒன்றைத் திறந்து முகர்ந்து, கண்ணை மூடி, "பியூட்டிஃபுல்" என்றான். அறுபத்திரண்டு கடிதங்களில் ஒன்றில்கூட அந்தச் சொல் இருக்கவில்லை.

அந்தச் சந்தோசம் பத்து மணிவரைதான். உடை மாற்றும் அறையில் மனேச்சர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"மகேஸ், இங்கே ஒரு மாதிரியாக மணக்கிறது. நீ வயதில் மூத்தவன், பொறுப்பானவன். உனக்கு ஏதாவது தெரியுமா?"

மணந்தது தன் ஜாக்கெட் என்பது மகேசனுக்குத் தெரியும். சுப்பிரமணியன் வாயைத் திறக்கும் முன் தான் திறந்தாக வேண்டும். அவனுடைய லொக்கரைக் காட்டினால், திறப்பார்கள், ஒன்றும் இருக்காது, மன்னிப்புக் கேட்பார்கள். அதோடு அவன் சொல்லும் எதையும் பழிவாங்கல் என்றுதான் எடுப்பார்கள். யாருக்கும் நட்டமில்லை.

"சொல்ல விருப்பமில்லை," என்றான். "சுப்பிரமணியனுடைய லொக்கர்."

திறந்தார்கள். ஒரு பழைய சப்பாத்துக்குள், பேப்பரில் சுற்றி, ஒரு கைப்பிடி கஞ்சா மொட்டு இருந்தது. சாம்பல் நிறத்தில் பஞ்சு பூத்தமாதிரிப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

அந்த அறையில் அதிகம் திடுக்கிட்டவன் மகேசன்தான். வாசலில் நின்ற கெவின் வெளியே பெல்ற்றில் போகும் கரட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்பனிப் பெயர் கெடும், பொலிசுக்குச் சொல்லவில்லை," என்றார் மனேச்சர். அதைப் பெரிய தயவாகச் சொல்லி, சுப்பிரமணியனை அப்போதே வீட்டுக்கு அனுப்பினார்.

"அவனிட்டையும் இருந்ததோ?" என்று இரவு வீட்டில் வசந்தமலர் கேட்டாள்.

"ஓம். அப்ப நான் சொன்னது பொய்யில்லைத்தானே?"

அவள் துவாய்களை மூன்றாம் முறையாக மெஷினில் போட்டாள்.

மே முதல் வெள்ளிக்கிழமை, மகேசன் சூப்பர்வைசருக்குரிய வெள்ளைத் தொப்பியோடு நின்றபோது, சுப்பிரமணியன் தன் பூட்ஸை எடுத்துப்போக வந்தான். தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"கங்கிராஜுலேஷன்ஸ் சார்," என்று கை கொடுத்தான். "இந்த வேலைக்குத்தான் எனக்குப் பெர்மிட். அது போச்சு, அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புறேன்."

மகேசன் தொப்பியைச் சரிசெய்தான். ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. மூத்தவன் குரலில் கேட்டான்: "படிச்ச பிள்ளை, உனக்கேன் தம்பி இந்தச் சாமான்?"

"என்னோடது இல்ல சார். காய வச்சுக் கொடுத்தா சூப்பர்வைசர் ஆக்குறேன்னு கெவின் ஒரு பை கொடுத்தான், எனக்குப் பக்குவம் தெரியாம எல்லாம் பூஞ்சை பிடிச்சிருச்சு. எப்படிக் காய வைக்கிறதுன்னு உங்ககிட்ட கேக்கத்தான் சார் அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தேன்."