மூன்றாம் மாடி உறுமல் ஒழிப்பு நடவடிக்கை

உலகத்தில் போர் நடக்கிறது, வெயில் ஏறுகிறது, பூந்தமல்லி சாலையில் நெரிசல் தீர்ந்தபாடில்லை. எல்லாம் சில்லறை விஷயங்கள். இந்த ஜூன் மாதத்தில் மனித குலம் சந்தித்த தலையாய நெருக்கடி, ஆவடியை அடுத்த கோவில்பதாகையில், இருபத்துநான்கு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், பரந்தாமன் வீட்டு ஸ்பீக்கரில் கேட்ட 'ம்ம்ம்ம்' என்ற உறுமல்தான்.

பரந்தாமன் லேசுப்பட்ட ஆளா என்ன! சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். எல்லாவற்றுக்கும் மேலாக, 'தங்கக் காதுகள்' என்னும் வாட்ஸ்அப் குழுவின் உறுப்பினர். பாட்டுக்கு நடுவே வயலின்காரர் மூச்சு விடுவது கேட்கிறதா, இல்லையா என்று நாளெல்லாம் வாதாடும் மேன்மக்கள் அவர்கள். அவர்களில் ஐந்து பேர் ஞாயிறு காலை வந்து, கண்ணை மூடி உட்கார்ந்து, பரந்தாமனின் புது ஆம்ப்ளிஃபயரைக் கேட்டுத் தீர்ப்பு வழங்கப் போகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் உறுமினால் மானம் கப்பலேறிவிடும். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே திங்கட்கிழமை 'உறுமல் ஒழிப்பு நடவடிக்கை' முறைப்படி தொடங்கியது. "கேபிள்ல அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்குது?" என்று குழுவில் கேட்டார் ஒரு தங்கக் காது. அது சமையலறையைப் பார்த்தது. திருப்பி மாட்டினார். உறுமல் அசையவில்லை. "ஆம்ப்புக்கு அடியில கல்லு வைங்க" என்றார் இன்னொருவர். மனைவி ஹேமாவதி சப்பாத்தி தேய்க்கும் கல் பறிமுதல் செய்யப்பட்டது. செவ்வாயன்று சந்தேகத்தின் பேரில் ஃபிரிஜ் அணைக்கப்பட்டது. இட்லி மாவு பொங்கித் தரையில் ஓடிய பிறகு, ஃபிரிஜ் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டது.

புதன்கிழமை, 'பராமரிப்புப் பணி காரணமாக' லிஃப்ட் ஓடாது என்று செயலாளர் கையெழுத்தோடு அறிவிப்பு வந்தது. ஐந்தாம் மாடி மங்களம் மாமி பூசணிக்காயும் கையுமாகப் படியேறி, மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார்.

"என்னப்பா பராமரிப்பு?"

"ஒரு சத்தம் வருது மாமி."

"லிஃப்ட்லயா?"

"இல்ல, என் ஸ்பீக்கர்ல."

மாமி பூசணிக்காயை ஒரு தரம் பார்த்தார், பரந்தாமன் தலையை ஒரு தரம் பார்த்தார். நல்லவேளை, ஒன்றும் செய்யாமல் மேலே போய்விட்டார்.

இந்த இடத்தில் முக்கியமில்லாத ஒரு சங்கதியையும் பதிவு செய்தாக வேண்டும். ஹேமாவதிக்கு வாஷிங் மெஷினைத் தொட்டால் ஷாக் அடித்துக்கொண்டிருந்தது. ஜனவரியில் அவள் புகார் தெரிவித்தாள். ஜனவரியிலேயே பதிலும் வழங்கப்பட்டது: "ரப்பர் செருப்பு போட்டுக்கோ." எந்த ஆபீஸில் ஐயா இந்த வேகம் உண்டு?

வியாழக்கிழமை அவள் மறுபடி வந்தாள். "என்னங்க, இன்னிக்கு முழங்கை வரைக்கும் ஏறிடுச்சு. பயமா இருக்குங்க."

"கொஞ்சம் பேசாம இரேன் ஹேமா. உறுமல் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டுட்டிருக்கேன்ல?"

வெள்ளிக்கிழமை, வேறு வழியில்லாமல், எலக்ட்ரீஷியன் வேம்புலி வரவழைக்கப்பட்டார். கோவில்பதாகையின் பழைய குடும்பத்துக்காரர். இந்தக் கட்டடத்துக்கே வயரிங் செய்தவர். அவர் கண்ணையும் மூடவில்லை, காதையும் தீட்டவில்லை. டெஸ்டரை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தார். விளக்கு எரிந்தது. ஃபிரிஜ் மேல் வைத்தார். எரிந்தது. வாஷிங் மெஷினில் தீபாவளியாக எரிந்தது.

"சார், சத்தத்த வுடு. ஊட்டுக்கே எர்த்து இல்லாம கீது. இந்த மெஷின தொட்டா ஷாக் அடிச்சிருக்குமே, யாரும் சொல்லலியா?"

ஹேமாவதி புருஷனைப் பார்த்தாள்.

"ஈரக் கையோட தொட்டு, கொஞ்சம் ஜாஸ்தியா அடிச்சிருந்தா, ஆளே போயிருக்கும் சார்" என்றார் வேம்புலி.

ஹேமாவதியின் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும் என்பது அந்த நொடியில்தான் பரந்தாமனுக்கு ஞாபகம் வந்தது. முதல் முறையாக அவர் ஞாயிற்றுக்கிழமையை மறந்தார்.

எர்த் குழி, கீழே கார் நிறுத்துமிடத்தின் மூலையில் இருந்தது. மழை படாத இடம். மூடியைத் தூக்கினால் உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

வேம்புலிக்குக் கோபம் வந்துவிட்டது. "மண்ணு ஈரமா இருந்தாத்தான் கரண்டு பூமில எறங்கும். தெனம் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துன்னு வாட்ச்மேனாண்ட படிச்சி படிச்சி சொல்லிக்கீறேன். இன்னாயா ஆச்சு? எந்த அறிவாளி நிறுத்தச் சொன்னான்?"

வாட்ச்மேன் சுவரைக் காட்டினார். டிசம்பர் மாதச் சுற்றறிக்கை அங்கே இன்னும் ஒட்டியிருந்தது: 'குழிக்குத் தினமும் நீர் வார்க்கும் கிராமத்து மூடநம்பிக்கை இன்று முதல் ஒழிக்கப்படுகிறது. அறிவியல் வழி நடப்போம். இப்படிக்கு, செயலாளர்.'

"யாரு சார் இந்த செயலாளரு?"

பரந்தாமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவரு... இப்ப ஊர்ல இல்லப்பா."

வாட்ச்மேன் சட்டென்று திரும்பி வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டார்.

வேம்புலி உப்பும் கரியும் கொட்டினார். வாட்ச்மேன் பக்கெட்டை எடுக்கப் போக, பரந்தாமன் அதைப் பிடுங்கி, இடுப்பு ஒடிய ஒடிய இருபது நடை தண்ணீர் சுமந்து ஊற்றினார். சாயங்காலம் டெஸ்டர் எங்கே வைத்தும் எரியவில்லை. ஸ்பீக்கர் கப்சிப்பென்று ஆகிவிட்டது. அந்த நிசப்தத்தை அவரால் ரசிக்க முடியவில்லை. ஹேமாவதி துணி துவைக்கும் பக்கம் போகவே அவருக்குக் கூசியது. அவமானமாக இருந்தது. இருந்தாலும் மனுஷன் ஒரு காரியத்தை மறக்கவில்லை: கீழே போய், சுவரில் இருந்த சுற்றறிக்கையைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை ஐந்து தங்கக் காதுகளும் வந்து, கேட்டு, உருகி, காபி குடித்துவிட்டுப் போயின. மாலையில் சங்கத்தின் அவசரக் கூட்டம். இருபத்துநான்கு வீட்டிலும் எர்த் இல்லாமல் இருந்த சேதி அதற்குள் பரவியிருந்தது. தலைவர் சம்பத் எழுந்து தீர்மானம் வாசித்தார்.

"எவர் செவிக்கும் எட்டாத நுண்ணிய ஓசையைக் கேட்டறிந்து, இருபத்துநான்கு குடும்பங்களின் உயிரைக் காத்த நமது செயலாளரின் செவித்திறனை இந்தச் சபை மனமுவந்து பாராட்டுகிறது!"

கைதட்டல். பொன்னாடை விரிந்தது. பரந்தாமன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அது அடக்கம் என்று குறிக்கப்பட்டது.

"சிஸ்டரும் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று மைக்கை நீட்டினார் சம்பத்.

ஹேமாவதி வாங்கிக்கொண்டாள். "எனக்கு ஷாக் அடிக்குதுன்னு ஆறு மாசம் சொன்னேன். ஸ்பீக்கர் அஞ்சே நாள்தான் சொல்லிச்சு, உடனே ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாரு. என் உயிரைக் காப்பாத்தினது அதுதாங்க. அந்தப் பொன்னாடையைக் குடுங்க, வீட்டுக்குப் போய் ஸ்பீக்கருக்குப் போர்த்திடறேன்."