பிறை வரிசை வீடுகள் பற்றிய உண்மை நிலவரம்

அஜக்ஸ், ஒன்ராறியோ
நவம்பர் 18

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், தங்களுக்கு முழுப்பக்க விளம்பரம் தருகிற நகைக்கடைக்காரரும் நலமாயிருக்க றிச்மண்ட் ஹில் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அந்தக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் தங்கள் வாரப் பத்திரிகையில் இரண்டு பிரதி எடுத்து வருவது என் வழக்கம். ஒன்று வாசிக்க, மற்றது விரித்துவைத்து மீன் வெட்ட. போன கிழமை இரண்டையும் மீனுக்கே கொடுத்திருக்கலாம். பதினோராம் பக்கத்தில் றமேஸ் என்பவர் இங்கிலாந்தின் கடற்கரைப் பட்டணம் ஒன்றையும், அங்கே பிறை வடிவில் வரிசையாக நிற்கும் இருநூறு வருடப் பழைய வீடுகளையும் புகழ்ந்து எழுதியிருந்தார். ‘காலம் உறைந்த கனவு இல்லங்கள்’ என்றும் எழுதியிருந்தார். காலம் அல்ல ஐயா, அங்கே உறைந்தது நான். றமேஸ் ஒரு பின்னேரம் வெளியே நின்று படம் எடுத்தவர். நான் அந்த வரிசையில் பதினாலாம் இலக்க வீட்டின் கீழ்த்தளத்தில் பதினொரு கிழமை குடியிருந்தவன். ஆகவே உண்மை நிலவரத்தை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் மகள் துவாரகா அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. மருமகன் துஷாந்த் கம்ப்யூட்டரில் ஏதோ வேலை; என்ன வேலை என்று மூன்று தரம் விளங்கப்படுத்தினார், இனிக் கேட்க வெட்கம். மகளுக்கு மார்கழியில் முதற்பிள்ளை. உதவிக்கு வரச் சொன்னாள் என்று நானும் மனைவி ஜெயமலரும் போனோம். வாசலில் டாக்ஸி நின்றதும் நான் முதலில் பார்த்தது யன்னல்களைத்தான். இருபத்தாறு வருடம் இங்கே ஸ்காபரோவில் இரட்டைக் கண்ணாடி யன்னல் பூட்டியவன் வேறு எதைப் பார்ப்பான்? ஆளுயர யன்னல், ஒற்றைக் கண்ணாடி, மரச்சட்டம், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சின்னவிரல் போகிற இடைவெளி. கடற்காற்று அதற்குள்ளால் வந்து, வரவேற்பறையில் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குள்ளால் போகிறது. “தம்பி, ரண்டு நாள் தாரும், எல்லாத்தையும் கழட்டிப்போட்டு பிளாஸ்ரிக் சட்டம் போட்டுவிடுறன்” என்றேன். மருமகனின் முகம் வெளிறிவிட்டது. “ஐயோ மாமா, உதைத் தொட்டால் கோர்ட்டுக்கு இழுப்பினம். இது பாதுகாக்கப்பட்ட வீடு” என்றார். வீட்டைப் பாதுகாக்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கிற மனிசரைப் பாதுகாக்க ஒரு சட்டமும் இல்லை.

சரி, தொடாமல் செய்வோம் என்று, சாமான் பொதி பண்ணுகிற குமிழ்ப் பிளாஸ்ரிக்கை வாங்கிவந்து யன்னலுக்கு உட்பக்கமாக ஒட்டினேன். ஒட்டி முடித்து ஒரு தேத்தண்ணி குடிக்கவில்லை, கதவு தட்டப்பட்டது. கிளடிஸ் என்ற எண்பது வயது வெள்ளைக்காரி, அந்த வரிசைக் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர், கையில் குறிப்புப் புத்தகத்துடன் நின்றார். “உங்கள் பிளாஸ்ரிக் வெளியிலிருந்து தெரிகிறது” என்றார். “உங்கள் குளிர் உள்ளேயிருந்து தெரிகிறது” என்றேன். அம்மணி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். அன்று தொடங்கியது. ஜெயமலர் தன் சேலையை முன் இரும்புக் கம்பியில் காயப்போட்டாள், எழுதினார். நான் செருப்பை வாசற்படியில் விட்டேன், எழுதினார். முன்கதவில் மாவிலைத் தோரணம் தொங்கவிட்டோம், அதுவும் பிளாஸ்ரிக் மாவிலைதான், கழற்றச் சொன்னார். நாற்பது வீட்டுக்கும் ஒரே கிறீம் நிறம், ஒரே கறுப்புக் கதவு. நான் இரண்டு தரம் பக்கத்து வீட்டு மணியை அடித்து, “பிள்ளை, திறப்பை மறந்துபோனன்” என்று தமிழில் சொல்லியிருக்கிறேன். கடற்காகங்கள் மட்டும் எந்தச் சங்கத்துக்கும் கட்டுப்படுவதில்லை. என் கையில் இருந்த மட்டன் ரோலை ஒன்று பறித்துக்கொண்டு கிளடிஸின் கூரையில் போய் இருந்து தின்றது. அதையும் எழுதுங்கோ அம்மா என்று சொன்னேன். கடற்காகமும் பாதுகாக்கப்பட்டதாம்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பத்தாவது கிழமை நடந்ததுதான் பொறுக்க முடியாதது. பழைய காலத்துச் சினிமா ஒன்று எடுக்கப் போகிறோம், மூன்று நாளைக்குக் கார்களை அப்புறப்படுத்தவும் என்று கடிதம் வந்தது. அடுத்த நாள் லொறியில் மண் கொண்டுவந்து ரோட்டில் கொட்டினார்கள். எங்கள் ஊரில் மண் ரோட்டுக்குத் தார் போடச் சொல்லி இருபது வருடம் மனுக் கொடுத்தோம். இவர்கள் நல்ல தார் ரோட்டின் மேல் மண் கொட்டி, அதற்குக் கைதட்டுகிறார்கள். குதிரை வண்டி வந்தது. நான் பால் வாங்க வெளிக்கிட்டேன். மேபிள் இலை போட்ட என் சிவப்புக் குளிர்க்கோட்டுடன் கதவைத் திறந்ததும், “நிறுத்து!” என்று கத்தல். உள்ளே போனேன். அரை மணித்தியாலத்தால் மெதுவாகத் திறந்தேன், மறுபடியும் கத்தல். மூன்றாவது தரம் குதிரையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

அப்போது காதில் வயர் மாட்டிய ஒரு பெட்டை ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னையும் ஜெயமலரையும் மேலும் கீழும் பார்த்து, “நீங்கள் இருவரும் படத்தில் நிற்க விருப்பமா? அந்தக் காலத்திலும் இந்த வீடுகளில் உங்களைப் போன்றவர்கள் இருந்திருக்கிறார்கள்” என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. “என்னவாக?” என்று கேட்டேன். அவள் தாளைப் புரட்டிப் பார்த்தாள். “பெண்மணி குழந்தையைப் பார்க்கும் ஆயா. நீங்கள் தட்டு ஏந்தும் வேலைக்காரர்” என்றாள்.

ஆசிரியர் அவர்களே, நான் இரண்டு நாட்டில் வரி கட்டியவன். அஜக்ஸில் நாலறை வீட்டுக்குச் சொந்தக்காரன். வெள்ளைக்காரன் வீட்டு வாசலில் தலைப்பாகை கட்டித் தட்டு ஏந்தவோ பிளேன் ஏறி வந்தேன்? அந்தப் பெட்டைக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பினால், ஜெயமலர் கோட்டைக் கழற்றிக்கொண்டு நிற்கிறாள்.

“நான் போறன்” என்றாள்.

“உமக்கென்ன விசரே? ஆயாவாம்! உம்முடைய கொப்பர் தலைமை வாத்தியார்.”

“பின்னை என்னை இஞ்ச என்னத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? பத்துக் கிழமையாச் சமைக்கிறன், தோய்க்கிறன், நீங்கள் யன்னலைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள். பிள்ளை பிறந்தால் நான்தானே தூக்கிக்கொண்டு திரியப்போறன்? இவையெண்டாலும் விருப்பமோ எண்டு கேக்கினம்.”

அதற்கு நான் தகுந்த பதில் சொன்னேன். பத்திரிகையில் போடத் தேவையில்லாததால் இங்கே எழுதவில்லை.

அவள் போய்விட்டாள். வெள்ளைச் சேலை கட்டி, மெழுகுப் பிள்ளை ஒன்றைக் கையில் கொடுத்து, வாசற்படியில் நிற்க வைத்தார்கள். ஒவ்வொரு தரம் எடுத்து முடிந்ததும் ஒரு பொடியன் அவள் உட்காரக் கதிரை கொண்டுவந்து வைத்தான், இன்னொருத்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அந்தக் கிளடிஸ் தன் வீட்டுக் கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து இவளுடைய தோளில் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்து கதை. நான் ஒற்றைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தொரு வருடத்தில் அவளுக்கு யாரும் கதிரை கொண்டுவந்து வைத்ததை நான் பார்த்ததில்லை.

அடுத்த கிழமையே நான் பிளேன் ஏறிவிட்டேன். “அப்பா, பிள்ளை பிறக்கும் மட்டும் நில்லுங்கோவன்” என்று துவாரகா அழுதாள். ஜெயமலர் அழவில்லை, அடுக்கி வைத்த பெட்டியை வாசல் வரை கொண்டுவந்தாள். இப்போது நான் இங்கே முட்டை அவித்துச் சாப்பிட்டுக்கொண்டு, இரட்டைக் கண்ணாடி யன்னலுக்குள், காற்றின் சத்தமே இல்லாமல் இருக்கிறேன். தன்மானமுள்ள தமிழன் அந்தப் பிறை வரிசைப் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது. இதைத் தயவுசெய்து ஒரு சொல்லும் வெட்டாமல், றமேஸ் எழுதிய அதே பதினோராம் பக்கத்தில் பிரசுரிக்கவும்.

தங்கள் பத்திரிகை மென்மேலும் பக்கம் கூடவும், தங்கள் பிள்ளைகள் படித்து மேலே வரவும் வாழ்த்தும்,

சி. விநாயகமூர்த்தி

பி.கு.: மேலே உள்ளதைப் பிரசுரிக்க வேண்டாம். நான் திரும்பி வந்தது கண் டொக்டரைப் பார்க்க. அந்தப் பிளேன் சீட்டு முதலே எடுத்தது. செவ்வாய்க்கிழமை அங்கே திரும்பிப் போகிறேன். இத்துடன் வைத்திருக்கும் படத்தை மட்டும் பிரசுரிக்கவும். மருமகன் யன்னலுக்குள்ளால் எடுத்தது. பிள்ளையுடன் நிற்பவர் திருமதி ஜெயமலர். படம் எடுத்த கடைசி நாள் அவள் அந்தக் குளிரில் தனியே நிற்கிறதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. பின்னால் தலைப்பாகையுடன் தட்டு ஏந்தி நிற்பவர் நான்தான். பதினொரு தரம் எடுத்தார்கள். தட்டு ஒரு தரமும் ஆடவில்லை என்று இயக்குநரே வந்து சொன்னார்.