புஷ்பா பட்டுப்பாவாடை கட்டாத காரணம்

ரங்கூன், பபேடான்
டிசம்பர், 2009

மோல்மேனில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் நல்லையா அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் குழந்தைவேலு வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நான் சுகம். தங்கள் தங்கை அம்சவேணியும் சுகம், விடியக் கிளம்பி லைங் தாயா தையல் தொழிற்சாலைக்குப் போய்ப் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறாள். தாங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மகள் புஷ்பாவின் சுகத்தை மட்டும் ஒரு வரியில் அடக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தீபாவளிக்குத் தாங்கள் அனுப்பிய பட்டுப்பாவாடை வந்து சேர்ந்தது. அதைக் கட்டிக்கொண்டு பிள்ளை நிற்கும் போட்டோ எங்கே என்று ஆள் மூலம் இரண்டு தடவை கேட்டும் நான் பதில் சொல்லவில்லை. பாவாடை வெகு அழகு. ஆனால் நாடா இடுப்பைச் சுற்றி வரவில்லை; சட்டை தோளோடு நின்றுவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து வயது அளவில்தானே எடுத்திருக்கிறீர்கள், தங்கள் மேல் குற்றமில்லை. தையல்காரன் மேல் பழியைப் போட்டு எழுதலாமா என்றுகூடப் பார்த்தேன். மனசு வரவில்லை. குற்றம் முழுக்க என்னுடையது.

போன வருஷம் புயல் அடித்ததே, அதில்தான் ஆரம்பம். அந்த வாரங்களில் தண்ணீர் கிடையாது, கரண்ட் கிடையாது, கடைகளில் முட்டையைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டே பிள்ளை, "அப்பா, நாளைக்காச்சும் முட்ட கெடைக்குமா?" என்று கேட்டது. எனக்குள்ளே ஏதோ அறுந்துவிட்டது மச்சான். கடைகள் திறந்ததும் ஆரம்பித்தேன். காலையில் முட்டை, போட்டாதாங் கிடங்கில் குமாஸ்தா வேலை முடிந்து வரும்போது, எங்கள் கட்டடத்துக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கும் பீர் முகைதீன் கல்லில் போட்டுத் தரும் சீனி தூவிய பலாத்தா ரொட்டி, டப்பாப் பாலைக் கெட்டியாக ஊற்றிய டீ, கலர் சோடா. தெருவில் மரமும் மின்கம்பியும் விழுந்து கிடக்கிறது என்று பிள்ளையைக் கீழே விளையாட விடவில்லை. மரத்தையும் கம்பியையும் வந்து எடுத்துப் போனார்கள். என் பயத்தை எடுத்துப் போக யாரும் வரவில்லை. நாலாவது மாடியிலேயே டிவிக்கு முன்னால் உட்கார்த்தி வைத்தேன். கொரியா நாடகத்தில் யாராவது அழுதால் இங்கே ஒரு தட்டு பஜ்ஜி காலியாகும். பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி "வ வ லே" என்று கொஞ்சுவார்கள். கொழுகொழு பிள்ளை என்று அர்த்தம். என் காதில் அது லட்சுமியை "வா வா" என்று அழைப்பதுபோல் விழுந்தது. இன்னொரு பலாத்தா வாங்கினேன்.

பிள்ளைக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பள்ளிக்கூடத்து டீச்சரம்மா சொன்னபிறகுதான் கண் திறந்தது. திறந்த கண் கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டது. ஒரே நாளில் முட்டை, டீ, பலாத்தா எல்லாவற்றையும் நிறுத்தி, காலையில் அரை டம்ளர் கஞ்சி என்று சட்டம் போட்டேன். சட்டம் அவளுக்கு மட்டும். நான் கீழேயே பலாத்தாவை முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு மேலே போவேன். ஒரு சாயங்காலம் அப்படித் துடைக்கும்போது தலையில் ஏதோ இடித்தது. எங்கள் பால்கனியிலிருந்து சாமான் தூக்குவதற்குத் தொங்கவிட்ட கயிறு. அதன் நுனியில் பிளாஸ்டிக் கூடை. பீர் முகைதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ன பாய் இது?" என்றேன். "பிள்ள பசிக்குதுன்னுச்சு. நீங்க பழக்குன பழக்கந்தானே அண்ணே" என்றார். கோபத்தில், பலாத்தாவுக்குப் பதில் என் குடையைக் கூடையில் வைத்து, தூக்கு என்று கயிற்றை இழுத்துக் காட்டினேன். குடை ஆடி ஆடி மேலே போனது. போனதோடு விட்டிருக்கலாம். தெருவே அண்ணாந்து பார்க்க, "ஏய் பூசணிக்கா! இன்னும் எவ்வளவுடி திம்ப?" என்று கத்தினேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். மேலே எட்டிப் பார்த்த முகம் உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கஞ்சியையும் தொடவில்லை. அம்சவேணி கேட்டால் சாப்பிட்டாச்சு என்பாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையில் நின்றபோது மயங்கி விழுந்துவிட்டாள். சேதி கேட்டுப் போய், அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் பர்மியத்தில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "வளர்ற பிள்ளையப் பட்டினி போடச் சொன்னது யாரு? சோடாவ, டப்பாப் பால நிறுத்துங்க. வீட்டுல எல்லாருமே நிறுத்தணும். சோறு, காய், மீனு வயிறார குடுங்க. டிவிய அணைச்சிட்டு ஓடி விளையாட விடுங்க" என்று சொல்லிவிட்டு என் தொப்பையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளிடம் ஏன் சாப்பிடவில்லை என்று மெதுவாகக் கேட்டார். அவளும் பர்மியத்திலேயே, என்னைப் பார்க்காமல், "அப்பா சொன்னது தெருவுல எல்லாருக்கும் கேட்டிச்சு" என்றாள். மச்சான், அந்த மர பெஞ்சில் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

மறுநாள் அதே இடத்தில் நின்று, அதே குரலில், "புஷ்பா, அப்பா பேசுனது தப்பும்மா! கீழ வா, வெளையாடலாம்!" என்று கத்தினேன். வரவில்லை. தினமும் கத்தினேன், தெருக்காரர்கள் என்னைப் பார்த்தாலே காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் பீர் முகைதீன் மகள் சைதா மாடி ஏறிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். ரப்பர் பேண்டுகளைக் கோத்த கயிற்றை இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் சைதாவும் பிடிக்க, புஷ்பா தாண்டினாள். அடுத்து நான் தாண்ட வேண்டும் என்றார்கள். கைலியை மடித்துக் கட்டித் தாண்டினேன். ஒரு கால் போனது, இன்னொரு கால் வரவில்லை. பீர் முகைதீனின் குட்டை முக்காலிகள் மேல் போய் விழுந்தேன், மாவுச் சட்டி என் மேல் விழுந்தது. புஷ்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது தினமும் விளையாடுகிறாள், வேர்க்க வேர்க்க மாடி ஏறுகிறாள், எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சமையல். ஆனால் முன்போல் ஓடிவந்து என் மடியில் உட்காருவதில்லை. அதற்கு டாக்டரம்மாவிடம் மருந்து கேட்கவும் முடியாது.

பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி. மோல்மேன் காற்று எல்லோரையும் நல்லபடி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
குழந்தைவேலு

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது புஷ்பா வந்து நின்றாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். தன் பெயரை மட்டும் உடனே கண்டுபிடித்துவிடுவாள். "எம் பேரு நெறைய இருக்கே. மாமாவுக்கு என்ன எழுதுறீங்க?" என்றாள். சொன்னேன். "அன்னிக்குத் தெருவுக்குச் சொன்னீங்க. இப்ப மோல்மேனுக்குமா?" என்றாள். கிழித்துவிடுகிறேன் என்றேன். தாளைப் புரட்டிப் பார்த்து, "நீங்க விழுந்தது இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்ப அனுப்புங்க. மத்தத மாமா படிக்க வேணாம்னு எழுதிருங்க."

ஆகவே மச்சான், நான் விழுந்ததைத் தவிர மேலே உள்ள எதையும் தாங்கள் படிக்கவில்லை.