ஐந்து மணிக்குப் பலகையில் இருந்த பெயர்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். பெயர்கள் மாறிப்போனால் மன்னியுங்கள். எங்கள் வீட்டுச் சான்று அலுவலகத்தில் படித்தவர்களுக்கே மாறிப்போனது.

தாராவியில் எங்கள் சந்து முழுவதையும் இடிக்கப் போகிறார்கள். சான்று இருந்தால் புது வீடு. இல்லாவிட்டால் மான்குர்த் தாண்டி எங்காவது போக வேண்டியதுதான். பொதுமக்கள் நலன் கருதி, அலுவலகம் தன் பழைய புரோகிராமைப் புது வெப்சைட்டுக்குள் வைத்துப் பத்து ஜன்னல் திறந்தது. அறுபத்திரண்டு பேர் மனுக் கொடுத்தோம். ஐந்து மணிக்கு மொத்தமாக அச்சாகி வந்த அறுபத்திரண்டு சான்றிலும் ஒரே பெயர்: சபுரா. என் பக்கத்து வீட்டுக்காரி.

கம்ப்யூட்டர்காரர் சுரேந்திரன் எனக்கு விளக்கினார். "பழைய புரோகிராம்ல மனுதாரர் பேருக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரே இடம்க்கா. கரும்பலகை மாதிரி. அப்ப ஒரே கிளார்க், சரியாப் போச்சு. இப்ப பத்து ஜன்னலும் அதே பலகையில அழிச்சு அழிச்சு எழுதுது. அச்சடிக்கிறப்ப கடைசியா எந்தப் பேரோ, அதுதான் எல்லாத் தாள்லயும். ஆளுக்கொரு பலகை குடுத்தா தீர்ந்துச்சு."

அதிகாரி பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றினார். "பழசுல கை வைக்கப்படாது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், ஒரு கம்ப்ளெயிண்ட் உண்டா? பொதுவா இருக்கறதுதானேய்யா ஜனநாயகம்? நாளைக்கு எல்லாரும் வந்து பேரை மறுபடி பதியட்டும். அஞ்சு மணிக்கு அச்சாறதுதான் இறுதி."

லோக்கல் ரயிலில் முழங்கையால் இடித்து ஏறுகிற நாங்கள், மறுநாள் வரிசையில் ஒருவரை ஒருவர் உபசரித்தோம்.

"யக்கா, நீங்க முன்னால போங்க."

"ஏளா சபுரா, நீ போ. எனக்கென்ன அவசரம்? நேத்து மட்டும் எப்படிக் கடைசியா வந்தே?"

"பால் பொங்கிருச்சுக்கா. துடைச்சிட்டு வந்தேன்."

"இன்னைக்கும் பொங்கியிருக்கும், போய்ப் பாரு."

ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்வரை ஒருவரும் ஜன்னலைத் தொடவில்லை. பஞ்சாபகேசனுக்குச் சந்தேகம் வந்தது. "வெப்சைட் வேலை செய்யறதா, பாருய்யா."

பார்ப்பதற்காகச் சுரேந்திரன் ஒரு பெயரைத் தட்டினார். மணி ஐந்தானது.

அறுபத்திரண்டு இறுதிச் சான்றும் 'டெஸ்ட் குமார்' பெயரில் வந்தன. "நாள் பூரா ஒரு தள்ளுமுள்ளு இல்லை, பார்த்தேளா?" என்று பஞ்சாபகேசன் கையெழுத்திட்டார்.

சான்றை மாற்ற விதி இல்லை. நம் பெயரை மாற்றிக்கொள்ள விதி இருக்கிறது. கெஸட் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே எங்கள் சந்தே நின்றது. இந்த முறை யாரும் யாரையும் உபசரிக்கவில்லை.

இப்போது தபால்காரர் கூப்பிட்டால் அறுபத்திரண்டு கதவு திறக்கிறது. ஆனால் முதல் டெஸ்ட் குமார் நான்தான். சபுராவின் விலாவில் என் முழங்கை பட்ட இடம் இன்னும் ஆறவில்லை.