என் பக்கம் விழுந்த வெளிச்சம்

இனிமேல் இருட்டினாலும் என் காரை நானே ஓட்டுவது என்று போன அக்டோபரில் ஒரு சபதம் எடுத்தேன். இதில் சபதம் எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் யாங்கோனில் கார் ஓட்டியதில்லை.

எங்கள் ஊரில் சாலையின் வலது பக்கம் போகவேண்டும். கார்களோ பெரும்பாலும் ஜப்பானில் ஓடிக் களைத்து வந்தவை. அங்கே இடது பக்கம் போவார்கள் என்பதால் ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும். ஆக, இங்கே ஓட்டுகிறவன் சாலையோரத்துப் புல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். முன்னால் போகும் லாரியைத் தாண்டலாமா, எதிரே பஸ் வருகிறதா என்பதெல்லாம் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். என் காரில் இடது பக்கம் என் மனைவி ஜாஸ்லின்.

"போங்க" என்றால் போவேன். "இருங்க" என்றால் இருப்பேன். வீட்டிலும் இதே கதைதான், ஆனால் வீட்டில் பெட்ரோல் செலவு கிடையாது.

ஹெட்லைட்டும் அவள் கட்சி. ஜப்பான்காரன் விளக்கை இடது ஓரம் பார்த்து மேலே தூக்கி அடிக்கிற மாதிரி செய்து வைத்திருக்கிறான். அவன் ஊரில் அந்தப் பக்கம் நடைபாதை. எங்கள் ஊரில் அந்தப் பக்கம் எதிரே வருகிறவனின் கண். அவன் ஹாரனாலேயே என் பரம்பரையைத் திட்டிவிட்டுப் போவான். என் பக்கத்துப் பள்ளமும் மேடும் இருட்டிலேயே கிடக்கும்.

சனிக்கிழமைதோறும் யாங்கோனுக்கு வடக்கே இருக்கிற மாவ்பிக்குப் போவோம். அங்கே ஜாஸ்லினின் அக்கா ரோஸ் இருக்கிறார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, சாலையோரம் கொஞ்சம் நெல்வயல். சகோதரிகள் பேச ஆரம்பித்து, பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் நான் எழுந்துவிடுவேன். இருட்டினால் எனக்கு என் பக்கம் தெரியாது என்பது என் நிரந்தரச் சாக்கு. ஜாஸ்லின் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் இருக்கும்போது நீ எதற்கு சிரமப்படவேண்டும் என்று பெரிய மனதோடு சொல்லி வந்தேன். உண்மை என்னவென்றால், எங்கள் வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தச் சாவி ஒன்றுதான் மிச்சம்.

ஒருநாள் அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள். "வாரத்துக்கு நடுவுல ஒருநாள் அக்காவுக்கு மூச்சு முட்டுதுன்னு போன் வந்தா, நீங்க ஆபீஸ்லேருந்து வர்ற வரைக்கும் நான் வாசல்ல நிக்கணுமா?"

கேள்வி நியாயம்தான். ஆனால் சாவி பையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பதில்தான் சபதம். விளக்கை என் பக்கம் திருப்பிவிட்டால் இருட்டினாலும் நானே ஓட்டுவேன், நீ வேண்டிய மட்டும் பேசலாம் என்று அறிவித்தேன். தாராளமா செய்யுங்க என்றாள். ஜாஸ்லின் ஒரு விஷயத்துக்கு உடனே ஒத்துக்கொண்டபோதே நான் ஊரை விட்டே ஓடியிருக்க வேண்டும்.

முதலில் விளக்கின் ஒரு மூலையில் கறுப்பு டேப் ஒட்டிப் பார்த்தேன். வெளிச்சம் குறைந்ததே தவிரத் திரும்பவில்லை. கீழ்வீட்டுப் பரீதா, காருக்குக் கண்வலியா என்று விசாரித்துவிட்டுப் போனார். பிறகு பழைய சாமான் கடையில் தேடி, வலது பக்கம் ஓட்டுகிற நாட்டுக்காகச் செய்த, இதே மாடல் விளக்கு ஒரு ஜோடி பிடித்தேன். கடைக்காரர் அதைத் துடைத்துக்கொண்டே, கார் அப்பளமாக நொறுங்கியும் விளக்கில் ஒரு கீறல் விழவில்லை என்று பெருமையாகச் சொன்னார். நானும் அந்தப் பெருமையை அப்படியே வீட்டில் இறக்கினேன்.

ஜாஸ்லின் கரண்டியைக் கீழே வைத்தாள். "அடிபட்ட காரோட கண்ணா?" என்றாள்.

அதே வாரம் என் வெள்ளைச் சட்டை ஒன்று காணாமல் போனது. கேட்டதற்கு, வெயிலில் காய்கிறது என்றாள்.

சனிக்கிழமை மாவ்பியிலிருந்து பொழுது சாய்ந்த பிறகே கிளம்பினோம். வயலிலிருந்து பனி எழும்பிக்கொண்டிருந்தது. புதிதாக மாட்டியிருந்த விளக்கைப் போட்டேன். ஆகா, என் பக்கம் வெளிச்சம்! புல் தெரிந்தது, வாய்க்கால் தெரிந்தது, வாய்க்காலோரம் தூங்கப்போகிற கோழிகூடத் தெரிந்தது. ரோஸ் அக்கா வீட்டைத் தாண்டியதும் ஒரு வளைவு. திருப்பினேன்.

வரப்பில் யாரோ நின்றார்கள். வெள்ளை உடுப்பு. ஒரு கை தூக்கியபடி இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் முகம் இல்லை.

பிரேக்கை மிதித்தேன். "ஜாஸ்லின், அங்க யாரும்மா?"

"எங்க?"

"என் பக்கம். வரப்புல."

எட்டிப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். "நெல்லு தெரியுது. பனி தெரியுது. ஆளு யாரும் இல்லையே" என்றாள். பிறகு சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தச் சிலுவையைப் பார்த்ததும் காரை விரட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அது சாலைக்குக் கிட்டே வந்திருந்தது. காற்றே இல்லை என்று நினைத்தேன், ஆனால் அதன் கை மட்டும் மெல்ல ஆடியது, வா வா என்பதுபோல. பதற்றத்தில் என்ஜின் நின்றுவிட்டது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒன்றாக நிறுத்தின. நான் சாவியைத் திருப்புகிறேன், கார் இருமுகிறது, அது அங்கேயே நின்று எங்களைப் பார்க்கிறது. முகமில்லாமல் எப்படிப் பார்க்கும் என்று கேட்காதீர்கள், பார்த்தது.

"அந்த விளக்கு கடைசியா யாரைப் பாத்துச்சோ, அவங்களையே இன்னும் காட்டுதோ என்னமோ" என்று ஜாஸ்லின் இருட்டைப் பார்த்துச் சொன்னாள். கார் ஒருவழியாகக் கிளம்பியதும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன்.

நான் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கன். இருந்தாலும் மறுநாள் பூசை முடிந்த கையோடு, யாருக்கும் சொல்லாமல், மாவ்பி ரோட்டில், நாட் என்கிற காவல் தெய்வங்கள் குடியிருப்பதாகச் சொல்லும் ஆலமரத்துக்குக் காரை ஓட்டிப் போனேன். பர்மியர்கள் கார் வாங்கினால் முதலில் அங்கேதான் கொண்டுவருவார்கள். மரத்துக்கு முன்னால் காரை முன்னே விட்டு, பின்னே எடுத்து, முன்னே விட்டு, பின்னே எடுத்து, காரையே கும்பிட வைப்பார்கள். என் காரும் கும்பிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம்.

மரத்தடியில் ஆசீர்வாதமாக வைப்பரில் சொருகிவிட்ட தழையை எடுக்க மறந்துவிட்டேன். ஜாஸ்லின் அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, கார் மதம் மாறிடுச்சு போல என்றாள். அவளாவது ஜெபமாலை சொல்கிறேன் என்றாள், காருக்காக.

மரமும் மாதாவும் சேர்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த முறை போனபோது நெல்லை அறுத்து முடித்திருந்தார்கள். வயல் மொட்டையாகக் கிடந்தது. திரும்பும்போது, அந்த மொட்டை வயலின் அந்தக் கோடியில், பனிக்குள், வெள்ளையாக அது நின்றது. இந்த முறை கை கீழே தொங்கியது.

காரை ஓரம் கட்டினேன். சாவியைப் பிடுங்கி ஜாஸ்லின் மடியில் போட்டேன். "நீயே ஓட்டும்மா. எனக்கு இந்தப் பக்கமே வேண்டாம்."

ஓட்டினாள். சொல்லக்கூடாது, நன்றாகவே ஓட்டினாள். நான் யாங்கோன் வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. அதன்பின் நடுவாரத்திலும் மாவ்பிக்குப் போய்வர ஆரம்பித்தாள். சனிக்கிழமை மட்டும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

அப்படிப் போன முதல் சனிக்கிழமை, சாயங்காலம், உட்கார ஒரு முக்காலி எடுக்க ரோஸ் அக்காவின் கொட்டகைக்குள் நுழைந்தேன். மூலையில் அது நின்றது.

கையில் கிடைத்த முக்காலியைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்தேன். அப்புறம்தான் கண் பழகியது. மூங்கில் குச்சி இரண்டு, தலைக்கு ஒரு வைக்கோல் உருண்டை, உடம்புக்கு ஒரு வெள்ளைச் சட்டை. பையில் பேனா கசிந்த நீலக் கறை. என் பேனா. என் கறை. வெயிலில் காய்கிறது என்று அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

பொம்மையை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ரோஸ் அக்காவுக்குச் சிரிப்பில் தேநீர் புரையேறியது. ஜாஸ்லின் மறைக்கவேயில்லை. ஆமாம், நான்தான் கொடுத்தேன், அக்காதான் நட்டாள், அடுத்த வாரம் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள் என்று வரிசையாக ஒப்புக்கொண்டாள். பல வருஷத்துக்குப் பிறகு என் குரல் எனக்கே கேட்கிற மாதிரி பேசினேன். கையை நீட்டி, சாவியைக் கொடு என்றேன்.

உடனே கொடுத்துவிட்டாள்.

"ஓட்டுங்க" என்றாள். "ஆனா ஒண்ணு. அறுப்பு அன்னைக்கே இதை எடுத்து உள்ள போட்டாச்சு. போன வாரம் மொட்டை வயல்ல யாரைப் பாத்தீங்க?"

ரோஸ் அக்காவின் சிரிப்பு நின்றிருந்தது. "அன்னைக்கே போட்டுட்டேனே, தம்பி" என்றார் மெதுவாக. பொய் சொல்லத் தெரியாத மனுஷி என்று பொம்மையைப் பார்க்கும்வரை நினைத்திருந்தேன். இப்போது என்ன நினைப்பதென்று தெரியவில்லை. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. வயலின் அந்தக் கோடி தெரியவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். வளைவு வந்தது. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"எதிர்ல ஏதாவது வருதா? தாண்டலாமா? நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றாள் ஜாஸ்லின்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, "உன் இஷ்டம்" என்றேன்.